ஆட்டுக்காகவா போனாருன்னு கேட்டவங்களுக்கு

2021 நவம்பர் 21, ஞாயித்துக்கிழமை. எங்க வீட்ல அன்னிக்கு கறி எடுத்திருந்தோம், அம்மா மிக்ஸியில மசாலா ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, அப்பா டிவி முன்னாடி. திடீர்னு அப்பா மிக்ஸியை நிறுத்துன்னு ஒரு சத்தம் போட்டாரு. அவர் அப்படி சத்தம் போடுற ஆளே இல்ல, நான் ரூம்லேர்ந்து ஓடி வந்து பாத்தா டிவியில கீழ ஓடிக்கிட்டு இருக்கு, திருச்சி நவல்பட்டு சிறப்பு எஸ்ஐ பூமிநாதன் வெட்டிக்கொலைன்னு.

அப்பா ஏட்டா இருந்து எஸ்எஸ்ஐயா, அதாவது சிறப்பு எஸ்ஐயா, ரிட்டையர் ஆனவர், புதுக்கோட்டை மாவட்டத்துல நிறைய ஸ்டேஷன் பாத்துட்டாரு. மத்தவங்களா இருந்தா ஐயோ பாவம்னு சொல்லுவாங்க, அப்பா சொல்லல. கேள்வியா கேட்டாரு, டிவிகிட்டயே கேட்டாரு. எந்த ரோட்டுல? எத்தனை மணிக்கு? கூட யாரு போனது? கையில என்ன இருந்துச்சு? ஒவ்வொரு சேனலா மாத்தி மாத்தி இந்த நாலு கேள்விக்கும் பதில் தேடிக்கிட்டே இருந்தாரு. பன்னெண்டு மணி வரைக்கும் சேர்ல இருந்து எந்திரிக்கல.

நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும், இல்லாதவங்களுக்காக சொல்றேன். நவல்பட்டு திருச்சி ஏர்போர்ட்டுக்கு அந்தாண்ட இருக்கு, துப்பாக்கி தொழிற்சாலை பக்கம். சனிக்கிழமை ராத்திரி ரவுண்ட்ஸ்ல இருந்த பூமிநாதன் சார், நடுராத்திரி தாண்டி பைக்ல ஆட்டைத் தூக்கிட்டுப் போனவங்களைப் பாக்குறாரு. நிறுத்தச் சொல்லியும் நிக்கல. இவரும் பைக்ல விரட்டுறாரு. கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர், அவர் ஸ்டேஷன் லிமிட் தாண்டி, திருச்சி மாவட்டமே தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்துல கீரனூர் பக்கம் களமாவூர் கிட்ட பள்ளத்துப்பட்டின்னு ஒரு ஊரு, அங்க போய் மடக்கிப் பிடிச்சுட்டாரு. தனி ஆளா. போன்ல உதவியும் கேட்டாரு. ஆனா ஆள் வந்து சேர்றதுக்குள்ள அரிவாளால வெட்டிட்டாங்க. ரெண்டு நாளைக்குள்ள போலீஸ் பிடிச்சாங்க, பிடிபட்டதுல ஒருத்தனுக்கு 19 வயசு, மத்த ரெண்டு பேரும் சின்னப் பசங்க. அந்த வயசைக் கேட்டப்பதான் அப்பா முதல் தடவையா கண்ணைத் தொடச்சாரு. பசங்கன்னு தெரிஞ்சதும் கொஞ்சம் அசந்திருப்பாருடின்னு மட்டும் சொன்னாரு. அது அப்பாவோட யூகம்தான், ஆனா இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ராத்திரியில இந்த மாதிரி பசங்களைப் பிடிச்ச ஒருத்தரோட யூகம்.

அந்த வாரம் முழுக்க என்னை ரொம்ப நோகடிச்ச ஒரு விஷயம் இருக்கு, நாலு வருஷமா மனசுல வச்சிருந்ததை எழுதிடுறேன். பஸ்ல, ஆபீஸ்ல, கல்யாண வீட்ல எங்க போனாலும் ஒரே பேச்சு. "போயும் போயும் ஒரு ஆட்டுக்காகவா உயிரை விடணும்?" கெட்ட எண்ணத்துல கேக்கல, வருத்தத்துலதான் கேட்டாங்க. ஆனா அந்தக் கேள்வி தப்பு. டவுன்லயே பொறந்து வளந்தவங்களுக்கு ஆடுன்னா கறிக்கடையில தொங்குறது. எங்க பக்கத்துல அப்படி இல்லங்க.

நவல்பட்டுலேர்ந்து கீரனூர் வரைக்கும் இருக்குற பூமி எப்படின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். காவிரித் தண்ணி பாயற ஊர் இல்ல அது. மானாவாரி. மழை பேஞ்சா விளையும், இல்லன்னா கருவேலமும் பொட்டலும்தான். அந்த ஊர்ல ஒரு பொம்பளைக்கு நாலு ஆடு இருக்குன்னா அதுதான் அவ பேங்க்கு. ஸ்கூல் திறக்குறப்ப ஒரு கிடா வித்தாகணும், பொண்ணு சடங்குக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரி செலவுக்கு ஒண்ணு. இதுல ஒரு ஆடு போச்சுன்னா பீரோவை உடைச்சு நகையை எடுத்துட்டுப் போன மாதிரி. ஆனா நகை போனா ஸ்டேஷன்ல உக்கார வச்சு எழுதுவாங்க, ஆடு போச்சுன்னு போனா, அங்கங்க தேடிப் பாரும்மான்னு திருப்பி அனுப்புற எடமும் இருக்கு. திருடுறவனுக்கும் இது தெரியும். பைக்ல ரெண்டு பேர் வந்து, பட்டியில இருந்து ஒண்ணைத் தூக்கி நடுவுல வச்சுக்கிட்டு போனா ஒரு நிமிஷ வேலை. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கறிக்கு இருக்குற கிராக்கி சொல்லவே வேணாம், சனிக்கிழமை ராத்திரி எங்க பக்கத்துல ஆட்டுக்காரங்க தூங்க மாட்டாங்க.

அப்பாகிட்ட ஒரு சின்ன பாக்கெட் நோட்டு இருக்கு, காக்கி அட்டை, ஓரமெல்லாம் வேர்வைபட்டு கருத்துப்போயிருக்கும். நான் ஆறாவது படிச்சப்ப அப்பாவுக்கு சாப்பாட்டு கேரியர் எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போவேன், அங்க வேப்ப மரத்தடியில ஒரு ஆயா மூணு நாலு நாளா தொடர்ந்து உக்காந்திருந்துச்சு. ரெண்டு ஆடு காணோம். ரைட்டர் அதைக் கண்டுக்கவே இல்ல. அப்பாதான் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து அது பக்கத்துல குந்திக்கிட்டு, ஆடு எப்படி இருக்கும்னு சொல்லு ஆயான்னு கேட்டாரு. அந்த ஆயா சொன்ன விதம் இருக்கே, பெத்த புள்ளையைச் சொல்ற மாதிரி சொல்லுச்சு. அப்பா எழுதிக்கிட்டாரு. அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கு, போன வருஷம்கூட எடுத்துப் பாத்தேன். "கருப்பு, பெட்டை, இடது காது நுனி பிளவு, நெத்தியில் வெள்ளை, நாலு மாச சினை. இன்னொன்று செவலை, கிடா, வலது பின்னங்கால் லேசா நொண்டல்." கீழ தேதி, அந்த ஆயா பேரு, ஊரு. அவ்ளோதான். ஆடு கிடைக்கவே இல்ல. ஆனா அப்பா அதுக்கப்பறம் எந்தச் சந்தைக்கு பந்தோபஸ்து போனாலும் ஆடுகளோட காதைப் பாத்துக்கிட்டே போவாராம், எங்கம்மா சொல்வாங்க.

சினை ஆட்டைத் தூக்கிட்டுப் போனவன் அன்னிக்கு ஒருத்தர் கையில மாட்டியிருந்தா அந்த ஆயா மரத்தடியில நாலு நாள் உக்காந்திருக்காது. பூமிநாதன் சார் அந்த ராத்திரி பைக்கைத் திருப்புனது அந்த மாதிரி ஒரு ஆயாவுக்காகத்தான். இத்தனைக்கும் அது யாரோட ஆடுன்னுகூட அந்த நேரத்துல அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணும் சொல்லணும். எஸ்எஸ்ஐன்னா என்னன்னு வெளியில நிறைய பேருக்குத் தெரியாது, எஸ்ஐ எக்ஸாம் எழுதி நேரா வந்தவங்கன்னு நினைச்சுக்குவாங்க. அன்னிக்கு இருந்த கணக்குப்படி கான்ஸ்டபிளா சேந்து 10 வருஷத்துல கிரேடு ஒன், 15 வருஷத்துல ஏட்டு, 25 வருஷம் முழுசா முடிச்சாத்தான் சிறப்பு எஸ்ஐ. அப்ப அந்த மனுஷன் அந்த ராத்திரிக்கு முன்னாடி எத்தனை ராத்திரி ரவுண்ட்ஸ் போயிருப்பாருன்னு கணக்குப் போட்டுக்கோங்க. நான் பாத்த ரவுண்ட்ஸ் எங்கப்பாவோடது. பத்து மணிக்கு சாப்பிட்டு, சட்டைக்கு மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல மழைக்கோட்டு, கையில டார்ச், லத்தி. பேங்க்கு, ஏடிஎம், நகைக்கடை, கோயில்னு ஒவ்வொரு எடத்துலயும் பட்டா புத்தகம்னு ஒரு ரவுண்ட்ஸ் நோட்டு தொங்கும், அதுல நேரம் போட்டு கையெழுத்துப் போடணும், மேலதிகாரி செக் பண்ணுவாங்க. சொல்லப்போனா கையெழுத்தைப் போட்டுட்டு எங்கயாச்சும் ஒதுங்கி நின்னாக்கூட கேக்க ஆள் கிடையாது. ஆடு திருடன் ஓடுனான், லிமிட்டைத் தாண்டிட்டான், வயர்லெஸ் மைக்ல பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டுத் திரும்பியிருந்தா பூமிநாதன் சாரை ஒருத்தரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. எல்லைக்கல்லு தாண்டுனப்ப அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சுதான் போனாரு.

கொலைக்கு அப்பறம் நேர்ல வந்த, அப்ப தமிழ்நாடு போலீஸுக்கே தலைவரா, டிஜிபியா இருந்த சைலேந்திரபாபு சார், ராத்திரி ரவுண்ட்ஸ் போறவங்க துப்பாக்கி எடுத்துட்டுப் போகணும், உயிருக்கு ஆபத்துன்னா பயன்படுத்தத் தயங்க வேண்டாம்னு சொன்னாரு. சரியான பேச்சுதான். ஆனா அப்பா அதுல ஒரு விஷயம் சொன்னாரு, எனக்கு அதுதான் சரின்னு படுது. துப்பாக்கியை கையெழுத்துப் போட்டு வாங்கணும், குண்டை எண்ணி வாங்கி எண்ணி ஒப்படைக்கணும், ஒண்ணு குறைஞ்சா விசாரணை, அதுக்குப் பயந்தே பாதிப் பேர் எடுக்க மாட்டாங்க. அதைவிட முக்கியம், பக்கத்துல இன்னொரு ஆள் இருக்கணும். ஒரு பைக்ல ரெண்டு பேர். ஒருத்தர் சட்டையைப் பிடிச்சிருக்கும்போது இன்னொருத்தர் சுத்திப் பாக்கணும். ஆள் பத்தாத ஸ்டேஷன்ல இதெல்லாம் எங்க நடக்குதுன்னு கேட்டுட்டு அமைதியாயிட்டாரு.

முதலமைச்சர் ஸ்டாலின் 1 கோடி ரூபா நிதியும் குடும்பத்துல ஒருத்தருக்கு அரசு வேலையும் அறிவிச்சாரு. குண்டு முழங்க அரசு மரியாதையோட இறுதிச்சடங்கு நடந்துச்சு. டிவியில பாத்தப்ப எங்கம்மா பூமிநாதன் சார் சம்சாரத்தோட முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு ஒரு பழக்கம், அப்பா ரவுண்ட்ஸ் போன நாள்ல எல்லாம் விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு வாசல் தெளிச்சுருவாங்க, கோலம் போட அது நேரமே கிடையாது. வாசல்ல நின்னா தெரு முனையில பைக் திரும்புற சத்தம் முதல்ல கேக்கும், அதுக்காக. அப்பா ரிட்டையர் ஆகியும் அந்த நாலு மணி முழிப்பு இன்னும் போகல.

போலீஸ்காரங்க எல்லாரும் நல்லவங்கன்னு நான் சொல்ல வரல. 2020ல போலீஸ் காவல்ல அப்பாவும் மகனும் செத்துப்போன சாத்தான்குளம் நடந்த நாடுதான் இது, அதை நினைச்சா எங்க வீட்ல அப்பாவே தலை குனிஞ்சுக்குவாரு, அவரளவுக்கு அதுக்குக் கோவப்பட்ட ஆளை நான் பாக்கல. ஆனா அதே 2020ல ஜனவரி 8ஆம் தேதி களியக்காவிளை செக்போஸ்ட்ல உக்காந்திருந்த எஸ்எஸ்ஐ வில்சன் சாரை சுட்டுட்டுப் போனாங்க, ரிட்டையர் ஆக சில மாசம்தான் இருந்துச்சு அவருக்கு. ஆகஸ்ட்ல தூத்துக்குடி மாவட்டத்துல ரவுடியைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் சுப்பிரமணியன் மேல நாட்டு வெடிகுண்டு வீசுனாங்க, வீட்ல கைக்குழந்தை. அடுத்த வருஷம் ஏரல்ல எஸ்ஐ பாலு சார், குடிச்சுட்டு ரகளை பண்ணவனைத் தட்டிக் கேட்டதுக்கு வண்டியை ஏத்திக் கொன்னுட்டான். இவங்க பேரெல்லாம் ஒரு வாரம் ஓடுச்சு, அப்பறம் போயிருச்சு.

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959ல அதே தேதியில லடாக்ல ஹாட் ஸ்பிரிங்ஸ்ங்கற எடத்துல சீனப் படை சுட்டு 10 போலீஸ்காரங்க செத்தாங்க, அந்த நாளைத்தான் நாடு முழுக்க வச்சிருக்காங்க. மாவட்டத்துல ஆயுதப்படை மைதானத்துல ஸ்தூபிக்கு மலர்வளையம் வைப்பாங்க, அந்த வருஷம் பணியில இறந்தவங்க பேரை வாசிப்பாங்க, துப்பாக்கியைத் தலைகீழா பிடிச்சு நிப்பாங்க. அப்பா வருஷா வருஷம் வெள்ளை வேட்டி சட்டையில போய் கடைசி வரிசையில நின்னுட்டு வருவாரு, யாரும் கூப்பிட மாட்டாங்க, இவரா போவாரு. 2022ல நானும் கூடப் போனேன். பேரை வாசிக்க வாசிக்க வரிசையா வந்துக்கிட்டே இருக்கு, எந்தெந்த மாநிலமோ, வாய்ல நுழையாத பேரெல்லாம் இருக்கு, வாசிக்கிறவரு ஒண்ணையும் விடாம நிறுத்தி நிறுத்தி வாசிச்சாரு. பூமிநாதன் சார் பேரு வந்தப்ப அப்பா கை வேட்டி ஓரத்தை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு.

போன தை மாசம் கீரனூர்ல ஒரு விசேஷத்துக்குப் போனோம். திரும்பி வர்றப்ப களமாவூர் கிட்ட அப்பா காரை நிறுத்தச் சொன்னாரு. டீக்கடையில நின்ன ஒருத்தர்கிட்ட விசாரிச்சாரு, அவரும் எதுக்குன்னு கேக்காம கையை நீட்டிக் காமிச்சாரு. அப்பா பள்ளத்துப்பட்டி பக்கம் பாக்கவே இல்ல. திரும்பி நவல்பட்டு எந்தத் திசையில இருக்கோ அந்தப் பக்கம் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. டீ ஆறிப்போச்சுப்பான்னு சொன்னேன்.

"இவ்ளோ தூரம் வந்திருக்காருடி"ன்னாரு.