இரண்டாங்கட்டுக்கு எட்டாத வைஃபை: பழைய திங்க்பேடில் ஃப்ரீபிஎஸ்டி

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டுக்கு விடுமுறையில் சென்றிருந்தபோது, பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த திங்க்பேட் மடிக்கணினி ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற இயங்குதளத்தை நிறுவினேன். அதிலிருக்கும் இன்டெல் 6205 வைஃபை அட்டையை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேர் இயங்குதளத்துடனேயே வந்துவிடுவதால், அதைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

லினக்ஸில் பழகிய எனக்கு முதலில் பிடிபடாமல் போனது, அட்டைக்கு ஒரு பெயரும் இணைப்புக்கு வேறொரு பெயரும் இருந்ததுதான். அட்டையின் பெயர் ஐடபிள்யூஎன்0. அதை நேரடியாகத் தொடாமல், அதன்மேல் டபிள்யூலேன்0 என்ற இணைப்பை உருவாக்கி, அதற்கே முகவரி வாங்க வேண்டும். கணினி தொடங்கும்போது படிக்கும் ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் இதற்கு இரண்டே வரிகள் போதும். ரவுட்டரின் பெயரும் கடவுச்சொல்லும் வைஃபையில் சேர்த்துவிடும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரலின் அமைப்புக் கோப்புக்குச் செல்லும். அந்தக் கோப்பில் சமக்குறிக்கு இருபுறமும் அழகுக்காக இடைவெளி விட்டு எழுதினேன். அந்த இடைவெளியையும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு, இப்படியொரு சொல்லே தனக்குத் தெரியாது என்று அந்த நிரல் மறுத்துவிட்டது. பிழைச் செய்தியில் வரி எண்ணே இருந்தும், அதைப் படிக்காமல் கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றிப் பார்த்தது என் அவசரம்.

இடைவெளியை நீக்கிய பின்னும் இணைப்பு கிடைக்கவில்லை. அலைவரிசைகளைத் துழாவச் சொன்னபோது அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் பட்டியலில் வந்தன. எங்களுடையது மட்டும் வரவில்லை. கைப்பேசியோ அதே ரவுட்டரில் எந்தச் சிக்கலும் இல்லாமல் இயங்கிக்கொண்டிருந்தது. இணைப்பின் நிலையைச் சொல்லும் ஐஃப்கான்ஃபிக் கட்டளை காட்டிய விவரத்தை நிதானமாகப் படித்தபோதுதான், நாடு என்ற இடத்தில் அமெரிக்கா இருப்பதைக் கண்டேன். வேறு நாட்டைக் குறிப்பிடாவிட்டால் ஃப்ரீபிஎஸ்டி அமெரிக்க விதியையே பின்பற்றுகிறது. அந்த விதிப்படி 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 சேனல்களோடு துழாவலை முடித்துக்கொள்கிறது. எங்கள் ரவுட்டரோ தானாகவே 13ஆம் சேனலைத் தேர்ந்துகொண்டிருந்தது. ரவுட்டரை 6ஆம் சேனலில் நிலையாக வைத்தவுடன் மடிக்கணினி முகவரி வாங்கிவிட்டது.

ஆனால் அது ரவுட்டர் இருந்த முகப்பில் மட்டுமே நிலைத்தது. நான் எழுத உட்காரும் இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் உட்பகுதியில், நடுவே உள்ள செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர்களைத் தாண்டி வருவதற்குள் சிக்னல் மைனஸ் 80 டிபிஎம் அளவுக்குத் தேய்ந்துவிட்டது (இந்த அளவு சுழியத்தை நெருங்க நெருங்கத்தான் சிக்னல் வலுவானது). சுவருக்குள் நுழைவதில் 2.4ஐ விடவும் 5 கிகாஹெர்ட்ஸ் மோசம் என்பதால் அதை முயலவே இல்லை. இதற்கு எந்தக் கோப்பிலும் தீர்வு கிடையாது. ஆகவே நீளமான லேன் கேபிள் ஒன்றை வாங்கி, ரவுட்டரை வளவு எனப்படும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்து இரண்டாங்கட்டு வாசல் வரை திறந்த முற்றம்தான். “சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதப்பா” என்று அப்பத்தா எச்சரித்திருந்ததால், முட்டை வெண்கரு கலந்து பூசிய அந்த வழவழப்பான பூச்சைத் தொடாமல், கேபிளை உத்தரத்தின் ஓரமாகக் கயிற்றால் கட்டினேன். இப்போது இரண்டாங்கட்டில் மைனஸ் 60 காட்டுகிறது. மூன்றாங்கட்டு அடுப்படிக்கு இன்னும் எட்டவில்லை.