ஹைப்பேஷியாவுக்கு வந்த கடிதமும் காசிமேட்டுக் கடல் தண்ணீரும்

பழங்கால எகிப்தின் கணித அறிஞர் ஹைப்பேஷியா என்றாலே, அவர் கொல்லப்பட்டதில்தான் பேச்சு தொடங்குகிறது. கி.பி. 415, அலெக்சாந்திரியா, ஆயர் சிரிலுக்கும் ஆளுநர் ஓரெஸ்தசுக்கும் பகை, இடையில் வெறிபிடித்த கும்பல். அதற்கு முன் பல வருடம் அவர் கணக்கும் வானியலும் சொல்லிக்கொடுத்தார். தாலமியின் வானியல் நூலுக்கு அப்பா தியோன் எழுதிய உரையில், மூன்றாம் பாகத்தின் தலைப்பிலேயே ‘என் மகள் சரிபார்த்தது’ என்ற குறிப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லலாம்.

மாணவர் சைனீசியஸ் அவருக்கு எழுதிய 7 கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றில் நீரின் கனம் பார்க்கும் கருவி கேட்கிறார்: புல்லாங்குழல் அளவில் ஒரு குழல், நெடுக வெட்டுக்குறிகள், ஒரு முனையில் கூம்பு. அமைப்பை சைனீசியஸே விளக்குவதால், ஹைப்பேஷியா கண்டுபிடித்த கருவி என்று சொல்ல இக்கடிதம் ஆதாரமாகாது. ஆனால் இப்படி ஒரு வேலைக்கு அவரைத்தான் நம்பினார் என்பது தெளிவு.

வட சென்னைப் பள்ளிகளில் இதைச் செய்து பார்க்கலாம். வெளிவிட்டம் 10 மி.மீ., நீளம் 20 செ.மீ. உள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழல் எடுங்கள். மி.மீ. கட்டம் போட்ட தாளை உள்ளே ஒட்டுங்கள். அடியில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு போட்டு எம்-சீலால் கூம்பாக அடையுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவ வேண்டும். மொத்த எடை 12, 13 கிராம் இருந்தால் மெட்ரோ தண்ணீரில் சுமார் 16 செ.மீ. அமிழும். உப்பால் கனம் கூடிய காசிமேட்டுக் கடல் தண்ணீரில் 4 மி.மீ. மேலே எழும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கரையோர உப்பு குறையும், அப்போது 4 மி.மீ. வராது.

குழல் சாய்ந்தால் எடை அடியில் போதவில்லை. காற்றுக்குமிழி ஒட்டினாலும் பாத்திரச் சுவரில் உரசினாலும் அளவு பொய். கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, நீர் குழலில் ஏறி ஒட்டும் விளிம்பை விட்டு, தட்டையான மட்டத்தைப் படியுங்கள்.

தண்டையார்பேட்டை போர்வெல் தண்ணீரை இதில் போட்டால் ஏமாற்றம்தான். லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலும் கால் மி.மீ. கூட நகராது. வெயிலில் வைத்த தண்ணீர் அதைவிட அதிகம் ஏமாற்றும்: 25 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் அரை மி.மீ. வித்தியாசம். எனவே இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அடியில் குமிழ், மேலே 3 மி.மீ. காம்பு என்று வடிவத்தை மாற்றினால் அதே உப்பு 2 மி.மீ.க்கு மேல் காட்டும். பால் சோதிக்கும் லாக்டோமீட்டரும், பேட்டரிக் கடையில் ஆசிட் பார்க்கும் குழலும் அதனால்தான் அந்த வடிவத்தில் இருக்கின்றன.