கொல்லிமலையில் முடவாட்டுக்கால் சூப்

கொல்லிமலைக்குப் போய்வந்த எல்லோரும் ஆகாயகங்கை அருவியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஸ், செலவு எல்லாம் அப்புறம்.

அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். ஏறி வரும்போது தொடை நடுங்கும். மேலே அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் வரிசையாகச் சூப் கடைகள். டம்ளர் 30 ரூபாய். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு ஆவி பறக்கக் கொடுத்தார்கள். காரம் தொண்டையில் இறங்க, உடனே இன்னொரு டம்ளர் வாங்கினேன்.

கடைக்கார அக்கா கிழங்கைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பழுப்பு ரோமம் மூடி, அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருந்தது! கத்தியால் தோலைச் சீவியதும் உள்ளே இளம்பச்சை. "நல்லாத் தட்டிக் கொதிக்க விட்டாத்தான் சாறு இறங்கும் தம்பி" என்றார். கிழங்கு என்று விற்றாலும் இது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் (ஃபெர்ன்) தண்டு. மலைவாழ் மக்கள் மூட்டுவலிக்குக் காலங்காலமாகக் குடித்துவருகிறார்கள்.

ஆனால் கடைதோறும் தொங்கும் அட்டைகள் எரிச்சலைக் கிளப்பின. சர்க்கரை, புற்று, முடக்குவாதம் எல்லாம் தீருமாம்! இந்தத் தண்டில் ஃபீனாலிக் சேர்மங்கள், ஃபிளேவனாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள் இருப்பது உண்மை. ஆய்வகத்தில் டிபிபிஹெச் என்ற கருஊதாக் கரைசலில் இதன் சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். அதிலுள்ள, ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகளுக்குச் சாறு எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்து அடக்குகிறது. ஆன்டிஆக்சிடன்ட் என்பது அதுதான். அந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் மெத்தனாலில் பிரித்த சாற்றை எடுப்பார்கள். நாம் குடிப்பது தண்ணீரில் கொதித்தது. அது குடலில் எவ்வளவு சேரும், முட்டிக்கு எவ்வளவு போகும் என்பதைச் சோதனைக்குழாய் சொல்லாது. சூப்பை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்வது அநியாயம்.

இன்னொரு கவலையும் உண்டு. வெட்டி எடுப்பது தண்டையே என்பதால் பாறையோடு சுரண்டினால் செடியே போய்விடும். கூடை கூடையாகக் குவிந்திருப்பதைப் பார்த்தபோது, நுனியை விட்டுவிட்டு வெட்டுகிறார்களா என்று கேட்டேன். ஒருவர் ஆமாம் என்றார், மற்றவர் பேச்சை மாற்றினார்.

சரி, பஸ். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். பக்கத்தில் இருந்த பையன் பாதி வளைவுக்குள் வாந்தி. எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள்.

மலைமேல் உள்ள செம்மேட்டில் இறங்கியதும் வேன்காரர் ஒருவர் கோயிலுக்கு 900 ரூபாய் கேட்டார். பஸ்ஸே இல்லை என்று சத்தியம் செய்தார். பேரம் பேசி 600 கொடுத்து ஏறினேன். கொஞ்ச தூரத்திலேயே கோயில் பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது! இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு மிளகும் கிழங்கும் வாங்கலாம் என்றிருந்த திட்டம் அங்கேயே பாதியானது. அங்கே பஸ்ஸை டீக்கடையில் விசாரியுங்கள், வேன் பக்கம் கேட்காதீர்கள்.

கிழங்கு வாங்கினால் கையில் கனமாக இருப்பதாகப் பாருங்கள், சுருங்கியதை ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றாட வையுங்கள், சீவுவதற்கு முன் மண்போகக் கழுவுங்கள். இரண்டு பேருக்கு விரல் நீளத் துண்டே போதும்.