2,100 ரூபாயைத் தேடிய கதை: கல் பதிப்பவனின் வருமான வரிக் கணக்கு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலையை 21 ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடொன்றைத் தங்கும் விடுதியாக மாற்றிய நிறுவனம் 2024இல் தரை வேலையை என்னிடம் ஒப்படைத்தபோது, பான் எண் தந்தால் கூலியில் 1 விழுக்காடும், தராவிட்டால் 20 விழுக்காடும் வரியாகப் பிடிக்கப்படும் என்று அவர்களுடைய கணக்கர் சொன்னார். பிடித்த பணம் என் பெயரில் அரசிடம் சேரும் என்பதையும், நான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பும் என்பதையும் அவரே விளக்கினார். அதுவரை நான் ஒருமுறைகூடத் தாக்கல் செய்ததில்லை.

என் பாட்டனார் பர்மாவில் நகரத்தார் கடையொன்றில் சமையல் வேலை பார்த்தவர். அன்றைய பற்றுவரவு நேராகாமல் கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனைப் படுக்கவிடமாட்டார்கள் என்று அடிக்கடி சொல்வார். என் நோட்டிலோ ஆள் கூலியும் சிமெண்டு விலையும் மகளின் பள்ளிக் கட்டணமும் ஒரே பக்கத்தில் கிடந்தன. வங்கிக் கணக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒன்றுதான். ஆகவே வங்கி அறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு வரியின் அருகிலும் இது யார் கொடுத்தது, எந்த வேலைக்கு என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்றுப் பணம் வருமானம் ஆகாது. அதைப் பிரித்தெடுக்க எழுதியவனுக்கே இரண்டு இரவுகள் பிடித்தன. பதினோரு நாள் உட்கார்ந்த பிறகு, 2024-25ஆம் நிதியாண்டின் மொத்த வரவு 14,60,000 ரூபாய் என்றும், அதில் ரொக்கம் 3,40,000 என்றும் தெளிந்தது.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் பதிவு செய்யப் போனால், ஆதாரில் இருந்தது நான் எப்போதோ கைவிட்ட பழைய கைபேசி எண். ஓ.டி.பி. வராமல் எதுவும் நகராது. ஆதார் மையத்தில் 50 ரூபாய் கட்டி எண்ணை மாற்றிய பிறகே உள்ளே நுழைய முடிந்தது. தாக்கல் செய்ய எண்ணுபவர்கள் முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

உள்ளே படிவம் 26ஏஎஸ், ஆண்டுத் தகவல் அறிக்கை என்று இரண்டு ஆவணங்கள் இருந்தன. நம்மைப் பற்றித் துறைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது அவற்றில் இருக்கும். சேமிப்புக் கணக்கில் வந்த வட்டி 1,842 ரூபாய் அதில் இருந்தது; எனக்கு அது நினைவிலேயே இல்லை. விடுதி வேலைக்கான 8,60,000 ரூபாய்க்கு 8,600 ரூபாய் பிடித்தம் இருக்க வேண்டும். இருந்ததோ 6,500. மார்ச் மாதக் கடைசித் தவணைக்கு என் நோட்டில் 2,10,000 என்று இருந்தது, வங்கியில் 2,07,900 வந்திருந்தது, 26ஏஎஸ்ஸில் அந்தப் பதிவே இல்லை. பிடித்த 2,100 ரூபாய் எங்கும் காணப்படவில்லை. நிறுவனத்துக்கு மூன்று முறை நடந்தேன். என் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் பதிந்து வேறொருவர் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அவர்கள் திருத்தத் தாக்கல் செய்து, அந்தப் பிடித்தம் என் பெயரில் தெரியும்வரை காத்திருந்தேன். காத்திருக்காமல் தாக்கல் செய்திருந்தால், நான் கோரும் தொகையும் துறையிடம் உள்ள தொகையும் பொருந்தாமல் சிக்கலாகியிருக்கும்.

அந்த ஆண்டுக்குப் பொருந்திய வருமான வரிச் சட்டத்தில் சிறு தொழில் செய்பவர்களுக்கு 44ஏடி என்ற பிரிவு இருந்தது. முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமலேயே, வங்கி வழி வந்த வரவில் 6 விழுக்காடும் ரொக்கத்தில் 8 விழுக்காடும் லாபம் என்று காட்டலாம். அதற்குரிய படிவம் ஐ.டி.ஆர்.-4, ‘சுகம்’. என் வரவுக்கு அது 94,400 ரூபாய்தான் வரும். அதையே எழுதிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆனால் அந்த விழுக்காடு குறைந்தபட்ச அளவு. உண்மையில் அதற்கு மேல் கிடைத்திருந்தால் கிடைத்ததைத்தான் காட்ட வேண்டும். ஆள் கூலி, மணல், வண்டி எல்லாம் போக என் கையில் நின்றது 4,10,000. அதையே எழுதினேன். புதிய வரி முறையில் அந்த நிதியாண்டுக்கு 7 லட்சம் வரை கிடைத்த தள்ளுபடியால் வரி ஏதும் வரவில்லை. ஆனால் வருமானம் அப்போதைய வரம்பான 3 லட்சத்தைத் தாண்டியதால், வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்வது கட்டாயமாக இருந்தது.

2025இல் தாக்கலுக்கான கடைசி நாளை செப்டம்பருக்குத் தள்ளியிருந்தார்கள். ஆகஸ்டு 11 அன்று தாக்கல் செய்து, அப்போதே ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்ப்பையும் முடித்தேன். 30 நாளுக்குள் இதைச் செய்யாவிட்டால், பிறகு சரிபார்க்கும் நாளையே தாக்கல் செய்த நாளாகக் கொள்வார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் 8,600 ரூபாயும், ஏப்ரலிலிருந்து மாதம் அரை விழுக்காடு வட்டியாக 258 ரூபாயும் வங்கிக்கு வந்தன. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி நோட்டும் அதற்குள் வைத்துவிட்டேன். அந்த வட்டியும் அடுத்த ஆண்டு வருமானத்தில் காட்ட வேண்டியது என்பதால், 258 ரூபாயை அன்றிரவே புது நோட்டில் எழுதிவைத்தேன்.