'வேணா' என்றொரு ஒலி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளராக இருந்தபோது, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வயதான ஓர் ஆயாவைக் கூட்டி வந்தார்கள். பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் பாதித்து, வலக்கை விழுந்திருந்தது. "'வேணா' என்ற பொருளற்ற ஒலியையே திரும்பத் திரும்ப எழுப்புகிறார்" என்று கோப்பில் குறிப்பு. எழுதியவர் தமிழ் தெரியாத இளைஞர். படிக்காமலே கையெழுத்துப் போட்டது நான்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல முடியாது. 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற அசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் வரவில்லை; இறந்தபின் பார்த்தால் மூளையின் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் படிக்கிற கதை இது. ஒரே ஒலி திரும்ப வந்தால் அந்த 'டான்' நோயாளிதான் நினைவுக்கு வருவார். ஆயா சொன்னதோ 'வேணாம்'. நாங்கள் ஆங்கிலத்தில் கேட்டு நீட்டியவை படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பாஸ்டன் பெயர்ச் சோதனையின் 60 படங்கள். அதில் இக்ளூ என்ற பனிவீடு உண்டு, பிரெட்செல் என்ற முடிச்சு ரொட்டி உண்டு. சாட்ஸ்வொர்த்தில் யார் வீட்டில் பிரெட்செல் தின்கிறார்கள்?

சரி என்று முருங்கைக்காய், கூழ்ப் பானை, காவடி எல்லாம் படமெடுத்துப் போனேன். என்னுடையது சனிக்கிழமை வகுப்புத் தமிழ், ஆயா பொறுத்துக்கொண்டார். 'முருங்க' பாதியில் நின்றது. காவடிக்கு 'அரோகரா' முழுசாக வந்தது. மகன் அழுதேவிட்டார். பழகிப்போன முழக்கம் வேறு, யோசித்துச் சொல்லும் சொல் வேறு என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதை அப்போது சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் சொன்னேன்.

1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எழுதிய இசைவழிப் பயிற்சியைத் தொடங்கினோம். 'தண்ணி வேணும்' என்பதை ஏற்றம், இறக்கம் என இரண்டே சுரத்தில் பாட வேண்டும். அசைக்கு அசை இடக்கையைத் தட்ட வேண்டும். மெல்ல மெல்லப் பாட்டைக் கழற்றிப் பேச்சாக்க வேண்டும். வலப்பக்க மூளை கைகொடுக்கிறதா, தாளம்தான் வேலை செய்கிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

வந்த சொற்கள் எல்லாம் தமிழ். வீட்டிலோ மகனும் பேரப்பிள்ளைகளும் ஆங்கிலம்தான். நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும் என்று 1895இல் பித்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார்; ஆயாவிடம் அது பலிக்கவில்லை. ஒரு மொழியில் தரும் பயிற்சி அடுத்த மொழிக்கும் உதவலாம், உதவாமலும் போகலாம். எந்த மொழியில் தொடர்வது என்று மகனைக் கேட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். தண்ணி, சோறு, வலி, போதும் என்று ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார். 'ழ' எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். ஆயா இடக்கையால் அவர் முழங்காலைத் தட்ட ஆரம்பித்தார்.