குதிரைக்கு அரசுப் பணம் எதற்கு?

பிரான்சின் சோமூர் நகரத்துக் குதிரையேற்றப் பள்ளி பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். குதிரைப் படைக்கு ஆள் தயார் செய்த இடம் அது. இன்று படையிடம் இருப்பது டாங்கிதான். அதே ஊரில் டாங்கி அருங்காட்சியகமே இருக்கிறது!

அப்புறம் குதிரைக்கு ஏன் இன்னும் அரசு செலவு செய்கிறது? 1972-ல் தேசியக் குதிரையேற்றப் பள்ளி தொடங்கியபோது, கறுப்புச் சீருடை ஆசிரியர் குழுவான 'காத்ரு நுவார்' அதற்குள் வந்துவிட்டது. 2010-ல் அந்தப் பள்ளியையும் அரசுக் குதிரைப் பண்ணைகளையும் ஒரே நிறுவனமாக்கினார்கள். இப்போது அதற்குப் பொறுப்பு விளையாட்டு அமைச்சகமும் வேளாண் அமைச்சகமும்.

சும்மா அலங்காரம் என்றுதான் நானும் நினைத்தேன். இந்தக் குழுவின் 'கப்ரியோல்' தாவலைக் காணொளியில் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். குதிரை நான்கு காலும் தரையை விட்டு எழும்பி, அந்தரத்தில் பின்னங்கால் இரண்டையும் பளாரென்று உதைக்கிறது. மேலே இருப்பவருக்குக் கால் வைக்க அங்கவடிகூடக் கிடையாது. ஆனால் ஆள் அசைவதில்லை. இது புத்தகம் படித்து வருகிற வித்தை இல்லை. ஒரு தலைமுறை விட்டுப்போனால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. பிரெஞ்சுக் குதிரையேற்ற மரபை 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் சும்மா இல்லை.

சரி, மொத்தச் செலவும் மக்கள் தலையிலா? அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். காட்சிக்கு டிக்கெட் போடலாம், பயிற்சிக்குக் கட்டணம் வாங்கலாம். வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியை 2001-ல் அரசுத் துறையிலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கினார்கள். ஆனால் டிக்கெட் விற்கிறதா என்று பார்த்தா குதிரைக்குத் தீனி போடுவது? அது தினமும் தின்னும்.