மினுமினுக்கும் மையை வீட்டிலேயே கலக்குதல்

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கருவேலம்பிசினை இரு மடங்கு வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால், மைக்குத் தேவையான பிசின்நீர் கிடைத்துவிடும். மினுக்கத்தைத் தருவது அப்பிரகம் (மைக்கா) என்னும் கனிமத்தின் நுண்செதில்கள். அவற்றின்மேல் பூசப்பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால், படலத்தின் தடிமனுக்கேற்பப் பொன்னிறமோ நீலமோ தோன்றுகிறது. வெள்ளைத் தாளைவிடக் கறுப்புத் தாளில்தான் அது எடுப்பாகத் தெரியும்.

இந்த அப்பிரகத் தூளைச் சில சொட்டுப் பிசின்நீரில் கட்டியில்லாமல் குழைத்த பிறகே தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்த எழுத்தைத் தடவியதும் தூள் விரலில் ஒட்டும். மிகுந்தாலோ எழுத்து விரிசல்விடும். சென்னைப் புழுக்கத்தில் பிசின்நீர் எளிதில் பூஞ்சை பிடிப்பதால் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுகிறேன் (அந்த மணமும் எனக்குப் பிடிக்கும்). செதில்கள் அடியில் தங்கி அடைத்துக்கொள்ளுமாகையால், ஊற்றுப் பேனாவில் இதை ஊற்றவே கூடாது. தொட்டெழுதும் பேனாவே ஏற்றது.